ஆணிக்கடை ஜன்னலில் ஆஸ்கர்

பிட்ஸ்பர்கிலிருந்து வடகிழக்கே காரில் ஒன்றேகால் மணி நேரம். இந்தியானா என்றதும் அந்தப் பெயரில் இருக்கிற மாநிலத்தை நினைக்க வேண்டாம். இது பென்சில்வேனியாவின் மலைப்பாங்கான பகுதியில் இருக்கும் ஒரு சிற்றூர். நிலக்கரியால் வளர்ந்த வட்டாரம். கிறிஸ்துமஸ் மரம் வளர்ப்பதிலும் பேர் போனது. நான் போனது ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பிறந்த ஊரைப் பார்க்க மட்டும்தான்.

1908 மே 20 அன்று இங்கே பிறந்தார். அப்பா அலெக்சாண்டர், பிலடெல்பியா தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பாக்கியைத் தீர்க்க முடியாத வாடிக்கையாளர் ஒருவர் பழைய அக்கார்டியன் ஒன்றைக் கொடுக்க, அதையும் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாராம். பையன் வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியில்தான்.

கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு வங்கி. அதன் எதிரே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். 1941 பிப்ரவரியில், 'தி பிலடெல்பியா ஸ்டோரி' படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தபோது அப்பா ஹாலிவுட்டுக்கு போன் போட்டார். ஏதோ பரிசு கிடைத்திருக்கிறதாமே, ஊருக்கு அனுப்பு, கடை ஜன்னலில் வைக்கலாம் என்றார். மகனும் அனுப்பினார். ஆணியும் சுத்தியலும் வாங்க வந்தவர்கள் பல வருஷம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பிலடெல்பியா தெருக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு வேறு எது?

விருது வாங்கி ஒரு மாதத்தில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அதற்கு முன் ஒருமுறை எடை போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றார். சிப்பாயாகச் சேர்ந்தவர் நான்கே வருடத்தில் கர்னல். இங்கிலாந்தின் டிபென்ஹாம் உள்ளிட்ட விமானத் தளங்களிலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானங்களை வழிநடத்தி, 20 முறை எதிரி வானத்துக்குப் போய்த் திரும்பினார்.

போருக்குப் புறப்பட்டபோது அப்பா அவரிடம் ஒரு கடிதமும் பைபிளின் 91ஆம் சங்கீதமும் கொடுத்தனுப்பினார். மகன்மேல் உள்ள பாசத்தை அந்த மனிதர் வெளிப்படையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயால் சொல்ல வராமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த அப்பாவை நன்றாகத் தெரியும் போலிருந்தது.

நூலகக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் 1995இல் திறந்த ஜிம்மி ஸ்டூவர்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. சினிமாப் பொருட்களைவிட விமானப்படைப் பகுதியில்தான் அதிக நேரம் நின்றேன். தன் போர் அனுபவத்தை எந்தப் பட விளம்பரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டவர் அவர். திரும்பி வந்ததும் நடித்த முதல் படம் 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. முந்தைய இரவுதான் விடுதி அறையில் அதை மறுபடி பார்த்திருந்தேன். மதுக்கடையில் கைகளைக் கோத்துக்கொண்டு கடவுளிடம் மன்றாடும் காட்சி. கண்ணீர் தானாகவே வந்துவிட்டதாம். தூரத்திலிருந்து எடுத்த காட்சி அது. மறுபடி அழச் சொல்ல மனமில்லாத இயக்குநர் ஃபிராங்க் காப்ரா, எடுத்த படச்சுருளையே பெரிதாக்கி முகத்தை அருகில் கொண்டுவந்தார். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் படம் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும். அது நடிப்பு மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. படம் அப்போது நஷ்டம். 1974இல் காப்புரிமை காலாவதியான பிறகு தொலைக்காட்சிகள் கிறிஸ்துமஸ்தோறும் போட்டுப் போட்டுத்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

வெளியே, நீதிமன்றத்தின் முன்னால் அவருடைய சிலை. 1983இல், 75ஆவது பிறந்தநாளன்று நடந்த விழாவுக்கு அவரே வந்திருந்தார். அங்கிருந்து ஏறிப்போனால் வினிகர் ஹில்லில் அவர் வளர்ந்த வீடு. தனியார் வீடு என்பதால் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு, அந்தப் பையன் தினமும் கடைக்கு இறங்கிய வழியிலேயே பிலடெல்பியா தெருவுக்கு நடந்து வந்தேன்.