பச்சை, தாத்தா

ரயில்வேயில் 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாளோடு பணி முடிந்துவிடும். எனக்கு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன், அது பெரிய சந்தோஷம்.

ஆனால் இஞ்சின் மனசை விட்டு இறங்கவில்லை. ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்வார், மற்றவர் திருப்பிச் சொல்வார். நள்ளிரவு, கொட்டும் மழை, எதுவானாலும் அந்தக் குரல் நிற்கக் கூடாது. பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் நம்மை நம்பித் தூங்குகிறார்கள்.

இப்போது மதுரை காளவாசல் சிக்னலில் வண்டியை நிறுத்தினாலும் "சிவப்பு" என்று சொல்லிவிடுகிறேன். மறுகுரல் வராதபோது நெஞ்சு கனக்கும். நேற்று பின்னால் உட்கார்ந்திருந்த பேத்தி, விளக்கு மாறியதும் சத்தமாகச் சொன்னாள்: "பச்சை, தாத்தா!"

கண் நிறைந்துவிட்டது.