ஒரே சுவர், இரண்டு வரி

சொத்து வரிப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். 'எனக்கு ஏன் இவ்வளவு வரி?' என்று வந்தவர்களைச் சமாளித்துவிடலாம். 'அவங்களுக்கு ஏன் அவ்வளவு கம்மி?' என்று கேட்பவர்களிடம்தான் வாயடைத்துப் போவேன்.

ஒரு காலையில் இரவுப் பணி முடித்த கையோடு ஒரு செவிலியர் வந்தார். இரண்டு ரசீதுகளை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, மேஜையில் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு வாங்கி வந்தது. ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுச்சுவர் பொது, அளவும் ஒன்றே. "சார், சுவர் ஒண்ணுதானே, எனக்கு மட்டும் எப்படி நாலு மடங்கு?"

பாட்டி வீடு 20 வருடத்துக்கு முந்தைய மதிப்பிலேயே பதிவேட்டில் கிடந்தது. இவர் கடன் வாங்கிப் புதிதாக வாங்கியவர். பெயர் மாற்றத்தோடு மதிப்பும் இன்றைய விலைக்கு வந்துவிட்டது. விதிப்படி எல்லாம் சரி. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

படிக்கப் படிக்க, இது பல இடங்களிலும் இருப்பதுதான் என்று தெரிந்தது. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு, வீடு கைமாறும் வரை வரி மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற விடாது. விற்றதும் மதிப்பு சந்தை விலைக்குத் தாவும். அங்கேயும் இதே இரண்டு ரசீதுதான். இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் வாங்கும் வீட்டு வரியான கவுன்சில் வரி இன்னும் 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி விலையை வைத்துத்தான். நேற்றுக் கட்டிய வீட்டுக்கும், அன்று இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது இரக்கம் மாதிரித் தெரியும். எங்கள் கோப்பும் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்று திரும்பி வரும். குப்பை அள்ளும் செலவும் குழாய் மாற்றும் செலவும் அதற்காகக் காத்திருக்குமா? அது புதிதாக வாங்கியவர் தலையில் விழும். அவர் வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவர் தலையில் விழும். கடைசியில் என்றைக்கோ திருத்தும்போது தொகை ஒரேயடியாக எகிறி ஊரே கொதிக்கும். நெதர்லாந்தில் வருடா வருடம் மதிப்பைத் திருத்துகிறார்கள். அதுதான் நேர்மையான வழி என்று இன்றும் நம்புகிறேன்.

அப்போ பாட்டி? அவரும் ஒருமுறை வந்திருந்தார். "வீட்டு விலை ஏறினா எனக்கென்னப்பா, செங்கல்லைப் பேத்து விக்கவா முடியும்?" என்றார். நியாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கு வழி இருக்கிறது. 55 வயது ஆனவர், தான் குடியிருக்கும் வீட்டின் வரியைத் தள்ளிவைக்கலாம். மாகாண அரசு அவருக்காகக் கட்டிவிட்டு, வீடு கைமாறும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். பதிவேட்டையே உறைய வைக்காமல், தேவைப்படுபவருக்கு மட்டும் கைகொடுக்கிற ஏற்பாடு. இதைக் குறிப்பாக எழுதி மூன்று முறை மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

செவிலியர் மேல்முறையீட்டுப் படிவம் கேட்டார். நிற்கவே முடியாத களைப்பில், நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக நிரப்பினார். கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பக்கத்து வீட்டு அம்மாவின் வரியை ஏற்றும்படி நான் கேட்கவில்லை.'