கார்ட்டூஷ் வாசிப்பு: வண்டுக் குடும்பத்தில் தொடங்குங்கள்

எகிப்தியச் சித்திர எழுத்து படிக்க வருபவர்கள் 24 ஒற்றை ஒலிக் குறிகளை மனப்பாடம் செய்துவிட்டு நேரே கார்ட்டூஷுக்கு, அதாவது அரச பெயரைச் சுற்றி வரையும் நீள்வட்டக் கயிற்றுச் சட்டத்துக்கு, போவார்கள். அவற்றோடு சிங்கம் (ல), சுருக்குக் கயிறு (ஓ) இரண்டையும் சேர்த்தால் தாலமி, கிளியோபாட்ரா பெயர்கள் வந்துவிடும். அவை கிரேக்கப் பெயர்கள், ஒவ்வோர் ஒலியாக எழுதப்பட்டவை. 1822-ல் இந்த எழுத்தைப் படித்துக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் நுழைந்த வாசலும் அதுதான். துத்மோஸ், துத்தன்காமன் போன்ற எகிப்திய மன்னர் பெயர்கள் முன்னால் வந்ததும் கை நின்றுவிடும். அங்கே ஒரே குறி இரண்டு மூன்று மெய்யொலிகளைச் சுமக்கும். எழுதிய வரிசை ஒன்று, படிக்கும் வரிசை வேறு.

முதலில் திசை. பறவை, மனிதன், பாம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மேலிருந்து கீழ். கார்ட்டூஷின் கயிற்று முடிச்சுள்ள முனை பெயர் முடியும் இடம். பெயரில் உயிருள்ள உருவமே இல்லையென்றால் வெளியே இருக்கும் தேனீயையோ வாத்தையோ பாருங்கள்.

அந்தத் தேனீயும் வாத்தும் இன்னொன்றையும் சொல்கின்றன. கோரையும் தேனீயும் முன்னால் இருந்தால் உள்ளே இருப்பது முடிசூட்டுப் பெயர். வாத்தும் சூரியனும் இருந்தால் ‘ராவின் (சூரியக் கடவுளின்) மகன்’, அதாவது பிறப்புப் பெயர். நமக்குப் பழக்கமான துத்மோஸ், ராம்சேஸ் எல்லாம் இரண்டாவது வகை. ஆனால் துத்மோஸ் என்ற பெயரில் நால்வர் இருப்பதால் ஆளை உறுதிசெய்வது முடிசூட்டுப் பெயர்தான். தேர்வில் ஒரே கார்ட்டூஷ் கொடுத்து மன்னரைக் கேட்டால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி வண்டுக் குறி (கெபெர்) வரும் முடிசூட்டுப் பெயர்கள். சூரியன், ஆட்டப் பலகை, சாணி வண்டு: இது மென்-கெபெர்-ரா, மூன்றாம் துத்மோஸ். சூரியக் கடவுளுக்கு மரியாதை என்பதால் ‘ரா’ முதலில் எழுதப்பட்டு கடைசியில் படிக்கப்படுகிறது. அதே பெயரில் வண்டுக்குக் கீழே மூன்று கோடுகள் வந்தால் பன்மை: மென்-கெபெரு-ரா, நான்காம் துத்மோஸ். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே மூன்று கோடுதான்! பலகைக்குப் பதில் தூண் குறி (ஆ) வந்தால் இன்னொரு கிளை. வண்டோடு உயர்த்திய இரு கைகள் (கா) இருந்தால் ஆ-கெபெர்-கா-ரா, முதலாம் துத்மோஸ். நீரலை (ந்) இருந்தால் ஆ-கெபெர்-என்-ரா, இரண்டாம் துத்மோஸ். மூன்று கோடுகள் மட்டும் இருந்தால் ஆ-கெபெரு-ரா, இரண்டாம் அமென்ஹோதெப். தூண் இல்லாமல், மூன்று கோடுகளோடு அடியில் கூடை இருந்தால் நெப்-கெபெரு-ரா, துத்தன்காமன். இந்த ஆறையும் ஒரே தாளில் வரைந்து வேறுபடும் குறியை மட்டும் சிவப்பில் காட்டுங்கள். தனித்தனி அட்டையில் எழுதிப் படிப்பது இங்கே உதவாது, வேறுபாடு கண்ணில் படாது.

துத்தன்காமனின் பிறப்புப் பெயரில் நாணல் இலை, ஆட்டப் பலகை, நீரலை முதலில் வரும். அது அமுன், கடவுளின் பெயர். பலகையே ‘ம்ன்’, அடியிலுள்ள நீரலை அந்த ‘ன்’னை உறுதிப்படுத்தும் துணைக்குறி, இன்னொரு ‘ன்’ கிடையாது. இதை ‘இம்ன்ன்’ என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. பிறகு ரொட்டி, காடைக் குஞ்சு, ரொட்டி: ‘துத்’. அப்புறம் அன்க், மேலே வளையமுள்ள சிலுவை போன்ற குறி. கடவுளைக் கடைசிக்குத் தள்ளினால் துத்-அன்க்-அமுன். மிச்சமுள்ள வளைகோல், தூண், செடி மூன்றும் பட்டம். ‘தென் ஹீலியோபொலிஸின் ஆட்சியாளன்’.

இரண்டாம் ராம்சேஸின் முடிசூட்டுப் பெயரில் இரண்டு சூரியன் இருக்கும். இரண்டையும் ஒட்டுமொத்தமாகக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு ‘ரா’வும் தன் சொற்றொடரின் முடிவுக்கு மட்டும் போகும்: உசெர்-மாஅத்-ரா, செதெப்-என்-ரா.

உருவக் குழப்பங்களில் மதிப்பெண் அதிகம் போவது இரண்டில். நடுவில் புள்ளியுள்ள வட்டம் ‘ரா’. உள்ளே குறுக்குக் கோடுகள் உள்ள வட்டம் தொண்டையிலிருந்து வரும் ‘க்ஹ்’. கைப்பிடி இல்லாத கூடை ‘நெப்’, கைப்பிடி இருந்தால் வெறும் ‘க்’. தேய்ந்த கல்லில் இவை கண்ணுக்குப் பிடிபடாது. பெயரின் மற்றக் குறிகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒலிபெயர்ப்பைத் தமிழில் எழுதிப் பழகாதீர்கள். மணைக் குறியும் கால் குறியும் இரண்டும் ‘ப’ ஆகிவிடும், ரொட்டியும் கையும் ‘த’ ஆகிவிடும், நான்கு வகை ஹகரத்துக்கு நம்மிடம் ஓர் எழுத்துதான். துறையில் வழங்கும் புள்ளி, கோடு சேர்த்த ரோமன் எழுத்தையே முதல் நாளிலிருந்து பயன்படுத்துங்கள். இடையில் போடும் ‘எ’ நாம் உச்சரிக்கச் சேர்ப்பது, எழுத்தில் இல்லை.

பயிற்சிக்கு எகிப்தின் அபிடோஸில் மன்னர் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் மன்னர் பட்டியலை எடுங்கள். அதிலுள்ள 76 பெயர்களில் கடைசிப் பதினொன்று போதும், அஹ்மோஸில் தொடங்கி சேத்தி வரை. ஹட்செப்சுட், அகெனாதென், துத்தன்காமன் அங்கே இருக்க மாட்டார்கள், வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கார்ட்டூஷுக்குள் இருப்பதெல்லாம் மன்னர் பெயர் என்றும் நினைக்காதீர்கள். அரசியர் பெயரும், அமர்னா காலத்தில் (அகெனாதென் ஆட்சியில்) அதென் கடவுளின் பெயரும் உள்ளே வரும். மென்-கெபெர்-ரா பொறித்த சிறு வண்டுமணி (வண்டு வடிவத் தாயத்து) கிடைத்தால் அதை வைத்து மட்டும் காலம் குறிக்காதீர்கள். மூன்றாம் துத்மோஸ் இறந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயரை ராசிக்காகப் பொறித்துக்கொண்டிருந்தார்கள்.