மூக்கு மடலும் மதிய வெயிலும்: பங்குனி, சித்திரைக் குறிப்புகள்

மார்ச் 18, மண்டைக்காடு

மூக்கில் வந்த தோல் புற்றுக்கு ரேடியேஷன் இன்று ஆரம்பம். இரணியலில் ரயில் ஏறி, திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.க்குப் போய்ச் சேர்ந்தபோதே வரிசை வராந்தாவைத் தாண்டியிருந்தது. பாதிப் பேர் நம்ம ஜில்லாக்காரர்கள். மார்த்தாண்டம், குளச்சல், தக்கலை என்று விசாரித்து முடிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூக்கின் இடது மடலில் இருந்த கறுப்புப் புள்ளியை ஜனவரியில் வெட்டி எடுத்தாயிற்று. பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று. ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததால் இப்போது கதிர். இந்த வகை வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கிற இடத்தையே தோண்டிக்கொண்டு போகும். நம் நிறத்துக்காரர்களுக்கு இது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால், மரு, மச்சம் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

முகத்துக்கு ஒரு அச்சு உண்டு. வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, போன வாரமே முகத்தில் அழுத்தி வைத்திருந்தார்கள். ஆறியதும் இறுகி, என் மூக்கும் தாடையும் அப்படியே அதில் பதிந்துவிட்டன. இன்று அதை மாட்டி மேசையோடு பூட்டினார்கள். கண் இமைக்கலாம், தலையை அசைக்க முடியாது. கதிர் வலிக்கவில்லை, சுடவில்லை. மெஷின் கொஞ்ச நேரம் இரைந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 29

மூக்கு சிவந்து தோல் உரிகிறது. உள்ளே காய்ந்து ரத்தப் பொருக்கு. சோப்பு, பவுடர் கூடாது, தேய்க்கக் கூடாது, பொருக்கை நோண்டவே கூடாது. மைனி கொடுத்துவிட்ட உருக்குத் தேங்காய் எண்ணெய் அலமாரியில் இருக்கிறது. கேட்காமல் எதையும் பூசாதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மணவாளக்குறிச்சி மணலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் இதேபோல் இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மோனசைட் மணல்தான். அங்கே மக்களை வருடக்கணக்கில் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. டாக்டர் மணலைப் பற்றிக் கேட்கவே இல்லை. என்ன வேலை என்று கேட்டார். பி.டி. மாஸ்டர் என்றதும், வெயில்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பள்ளி மைதானத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது.

ஏப்ரல் 11

மீசையின் இடதுபக்கம் உதிர்ந்துவிட்டது. கதிர் படும் இடத்தில் மட்டும்தான் முடி போகுமாம். மற்ற பாதியைக் கத்தரியால் ஒட்ட நறுக்கினேன். பேத்திக்கு ஒரே சிரிப்பு.

இந்த நாட்களில் சூரியன் நம் ஜில்லாவுக்கு நேர் மேலே வருகிறது. உச்சி என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல, இங்கே 12.20 வாக்கில். வாசலில் நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் வெளியே நிற்காதே. இதற்குக் கடிகாரமும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். பங்குனி, சித்திரை நண்பகலில் வெயிலின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்லும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் கடைசிப் படி. மேகம் போட்டிருக்கிறது என்றும் நம்ப முடியாது, மெல்லிய மேகம் பெரிதாக எதையும் தடுப்பதில்லை.

ஏப்ரல் 17

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனேன், குடையோடு. மணல் 15 சதவீதம், அலை நுரை 25 சதவீதம் புற ஊதாவைத் திருப்பி அடிக்கும், ஆகவே குடைக்குக் கீழேயும் முழுக்கை சட்டை. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது, நம் பக்கம் ஜூனில்தான். கரமடி வலையைக் கரையில் நின்று இழுத்து முடித்த அண்ணன் ஒருவர் பீடியோடு உட்கார்ந்திருந்தார். கீழுதட்டில் பொருக்குத் தட்டிய புண். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வந்ததாம்.

“ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?”

“சாரே, உப்புத் தண்ணி பட்டா அப்படித்தான். நமக்கென்ன புதுசா?”

உதட்டுப் புண் என் மூக்குப் புள்ளி மாதிரி சாது இல்லை. புற்றாக இருந்தால் கழுத்து நெறிக்கட்டிக்குப் போகக்கூடியது. ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணைக் காட்டத்தான் வேண்டும் என்றேன். அவர் என் அரைமீசையைப் பார்த்தார்.

ஏப்ரல் 26

கதிர் முடிந்தது. மூக்குத் தோல் இனி ஆயுளுக்கும் வெயில் தாங்காது. காதையும் பிடரியையும் மறைக்கும் அகலத் தொப்பி வாங்கியாயிற்று, கிரிக்கெட் தொப்பி உதவாது. புண் ஆறியதும் சன்ஸ்கிரீன்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே நின்றால் இரண்டு மணிக்கொருமுறை. அதன் தடுப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்றால் தடுப்பது 97 சதவீதம், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் காசை இறைப்பதைவிடத் தாராளமாகப் பூசுவது மேல்.

ஏப்ரல் 29

கரமடி அண்ணன் மகனை அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் வருகிறாராம், ஆனால் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதாம். சரி என்றேன். காலை ஏழரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.