லெக்ஸஸைக் கொடுக்கும் முன் கேட்டது

நியூ ஜெர்சியில் ரேடியோவைப் போட்டால் போதும், "உங்கள் பழைய காரைத் தானமாகக் கொடுங்கள், நாங்களே வந்து இழுத்துக்கொண்டு போகிறோம்" என்று விளம்பரம் வரும். இழுத்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று அதில் சொல்வதில்லை. எங்கள் 2013 லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350 சொகுசுக் காரைக் கொடுக்கலாம் என்று முடிவானதும் நான் கேட்க நினைத்தது அதைத்தான்.

பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். இவருக்கு வீட்டிலிருந்தே வேலை. வாசலில் மூன்று வண்டி எதற்கு? ஒன்றரை லட்சம் மைல் ஓடியிருந்தாலும் எஞ்சினில் ஒரு குறை கிடையாது. டீலர் ஆறாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார். "வாங்கிக்கிட்டு வந்துடலாமே, எதுக்கு அலைச்சல்?" என்றார் இவர். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஊரில் கார் இல்லையென்றால் பாதி வேலைகளுக்கு விண்ணப்பமே போட முடியாது. பஸ் போகாத கிடங்குகளில்தான் இரவு ஷிப்ட் காலியாக இருக்கும். வந்த புதிதில் மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு, நடைபாதை இல்லாத சாலையோரம் பனியில் நடந்தவள் நான். அப்படி நடக்கிற ஒரு குடும்பத்துக்கு இந்த வண்டி போகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் பேசிய இடம் ஒரு இடைத்தரகு நிறுவனம். வண்டி நேராக ஏலத்துக்குப் போகும், இழுவைச் செலவும் தங்கள் பங்கும் போக மிச்சம்தான் தொண்டு நிறுவனத்துக்கு. அந்த மிச்சம் எவ்வளவு என்று எத்தனை விதமாகக் கேட்டும் ஒரு எண் வாயில் வரவில்லை. எண் சொல்லாத இடத்துக்கு வண்டி கிடையாது என்று போனை வைத்துவிட்டேன். இது புதுக் கதையும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2003-ல் இப்படிக் கொடுக்கப்பட்ட 54 வண்டிகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளுக்கு, கொடுத்தவர்கள் தங்கள் வரிக் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்தின் கையில் சேர்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் சட்டத்தை இறுக்கினார்கள். 2005 முதல், தொண்டு நிறுவனம் வண்டியை அப்படியே விற்றுவிட்டால், விற்ற தொகையைத்தான் கொடுத்தவர் வரிக் கழிவாக, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து குறைக்கும் தொகையாக, காட்ட முடியும்.

வேறு வகை அமைப்புகளும் இருக்கின்றன. வெர்மான்ட்டில் 1996-ல் தொடங்கிய குட் நியூஸ் கராஜ், மேரிலாந்தில் 1999 முதல் இயங்கும் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் போன்றவை வண்டியைப் பழுது பார்த்து, வேலைக்குப் போக வழியில்லாத குடும்பங்களிடம் சேர்க்கின்றன. அதே பாணியில் நடக்கும் ஓர் அமைப்பைப் பிடித்தேன். அங்கே பேசிய அம்மா சொன்னது நான் எதிர்பார்க்காத பதில்.

"உங்கள் வண்டி நல்ல வண்டிதான். ஆனால் எங்கள் குடும்பங்களுக்கு இதைக் கொடுக்க மாட்டோம்" என்றார்.

19 அங்குல டயர் நான்கு மாற்றினால் அவர்களின் ஒரு மாத வாடகையில் பெரும்பகுதி போய்விடும். ஒரு முன்விளக்கு உடைந்தால்கூட மாற்ற முடியாமல் வண்டி தெருவில் நிற்கும். இன்சூரன்ஸ் வேறு. அதனால் இப்படிப்பட்ட வண்டிகளை ஏலத்துக்கு விடாமல் தங்கள் வளாகத்திலேயே வைத்து சில்லறை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் கொரோலா, சிவிக் மாதிரி வண்டிகளைச் சரிசெய்து கொடுப்பார்களாம். யானையைக் கட்டித் தீனி போட முடியாதவருக்கு யானையைத் தானம் செய்து என்ன பயன்? சரியென்று பட்டது. கொடுக்கிறவரின் மன நிறைவைவிட ஓட்டுகிறவரின் மாதச் செலவை நினைக்கும் இடம் இதுதான் என்று முடிவு செய்தேன்.

அது 501(சி)(3), அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்புதானா என்று அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தளத்திலேயே தேடிப் பார்த்துக்கொண்டேன். வரி விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, கார் கொடுத்தாலே வரி குறையும் என்று. எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவை எடுக்காமல், ஒவ்வொரு செலவையும் இனம் இனமாகக் கழிவு காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் குறையும். 2025-க்கு, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு அந்த நிலையான கழிவே 31,500 டாலர். எங்களுக்கு வீட்டுக் கடன் வட்டியும் சொத்து வரியும் அதைத் தாண்டுவதால் பலன் இருந்தது. தாண்டாதவர்களுக்கு இதில் வரிச் சலுகை இல்லை. அவர்கள் மனசுக்காகத்தான் கொடுக்க வேண்டும்.

வண்டியைக் காலி செய்ய ஒரு மாலை முழுக்க ஆனது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பூஜை போட்டபோது வைத்த குங்குமம் ஸ்டியரிங் நடுவில் பழுப்பாகக் காய்ந்திருந்தது. நடு டப்பாவில் விபூதிப் பொட்டலம், பின் சீட்டின் இடுக்கில் பையனின் வயலின் ரோசின் துண்டு. சுங்கச் சாவடிக்கான ஈசி பாஸ் பட்டையைக் கழற்றினேன். போன் தொடர்புகளையும் வழிகாட்டியில் இருந்த வீட்டு முகவரியையும் அழித்தேன். கராஜ் கதவைத் திறக்கும் பொத்தான்கள் கூரையில் இருக்கின்றன. இரண்டு ஓரப் பொத்தான்களையும் விளக்கு மின்னும்வரை ஒருசேர அழுத்திப் பிடித்தால் நினைவு அழிந்துவிடும். இதை மறந்தால், வண்டியை வாங்குகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவும் சேர்ந்து போகும்.

இழுவை வண்டிக்காரர், வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்தை மட்டும் போடுங்கள், பெயரை அப்புறம் நிரப்பிக்கொள்வார்கள் என்றார். கூடவே கூடாது. அமைப்பின் பெயர், தேதி, மைல் கணக்கு எல்லாவற்றையும் என் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன். பெயர் இல்லாத டைட்டில் யார் கைக்கும் போகலாம். நாளைக்கு அந்த வண்டி எங்காவது இடித்தால் போலீஸ் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான். நம்பர் பிளேட்டுகளைக் கழற்றி, இங்கே வண்டிப் பதிவைக் கவனிக்கும் எம்விசி அலுவலகத்தில் ஒப்படைத்து, ரசீது வந்த பிறகே இன்சூரன்ஸை நிறுத்தச் சொன்னேன்.

விற்ற பிறகு, எவ்வளவுக்கு விற்றது என்று அமைப்பு தரும் 1098-சி படிவம் தபாலில் வந்தது. 7,400 டாலருக்குப் போயிருக்கிறது. படிவத்தைக் கையில் வாங்கிய இவர், "டீலர் சொன்னதைவிட ஜாஸ்தியா இருக்கே" என்று இரண்டாம் முறை பார்த்தார். வரிக் கணக்கோடு, பொருளாகக் கொடுத்த தானத்துக்கான 8283 படிவமும் வைக்க வேண்டும். விற்ற தொகையையே காட்டுவதால், ஐயாயிரம் டாலரைத் தாண்டினாலும் மதிப்பீட்டாளர் சான்று தேவைப்படாது.

அடுத்து இவருடைய பழைய கேம்ரி இருக்கிறது. அது விற்பனைக்குப் போகாது, நேராக ஒரு குடும்பத்துக்கே போகும் என்று அந்த அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.