கழற்றி வைத்த ஜன்னல் கண்ணாடிகள்

எங்கள் மருத்துவமனையின் நெஞ்சுநோய் வார்டில் ஜன்னலுக்கு ஒன்றாகக் கண்ணாடிப் பலகையைக் கழற்றிவிடச் சொன்னவன், கட்டிடப் பராமரிப்பைப் பார்க்கும் நான்தான். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் பழைய மரக்கதவுகளைப் பெயர்த்துப் போட்ட பிறகு மாட்டப்பட்டவை அந்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள். மரக்கதவு முழுவதுமாகத் திறக்கும். ஸ்லைடிங்கில் ஒரு பலகை எப்போதும் மற்றொன்றின் பின்னால் நிற்க வேண்டியிருப்பதால், எவ்வளவு தள்ளினாலும் பாதிக்கு மேல் திறக்காது. அந்தப் பாதியையும் இரவு எட்டு மணிக்கு மேல் யாராவது மூடிவிடுவார்கள். கொசு, சாரல், மார்கழி வாடை, செல்போன் திருட்டு என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆகவே இரண்டு பலகைகளில் ஒன்றைக் கழற்றி ஸ்டோரில் அடுக்கி, ஜன்னல் முழுவதற்கும் வெல்க்ரோ வைத்த கொசுவலையை ஒட்டிவிட்டோம். அதன் பின் மூட நினைத்தாலும் மூட முடியாது.

தொற்றுத் தடுப்புக் குழுவில் இதை எதிர்த்தவர்கள் அதிகமில்லை. இளைப்பு என்று சேர்க்கப்பட்டுப் பொது வரிசையில் படுத்திருந்த ஒருவருக்குச் சில நாள் கழித்துச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது எல்லாருக்கும் நினைவிருந்தது. காசநோய் என்று தெரிந்தவரைத் தனியறைக்கு மாற்றலாம். மாத்திரை தொடங்கி, முகக்கவசம் கொடுக்கலாம். முடிவு வரும் வரை இருமிக்கொண்டிருப்பவரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பயிற்சியில் இருந்த செவிலிய மாணவி ஒருத்திக்குப் பல மாதம் கழித்து நோய் கண்டது. அதை இந்த வார்டோடு முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவள் தினமும் வந்த பேருந்தும், தங்கியிருந்த விடுதியும் அதே அளவுக்குச் சந்தேகத்துக்குரியவைதான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அவளை நினைக்காமல் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை இது கணக்கு. மின்விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர மாற்றாது. ஸ்பிளிட் ஏசியும் அப்படித்தான். பொது வார்டில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வர வேண்டும் என்றும், காற்றில் பரவும் நோய்க்கான அறைகளில் 160 லிட்டர் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் இயற்கைக் காற்றோட்டத்துக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஜன்னல்களை மூடிய இரவொன்றில், விடியற்காலை நான்கு மணிக்கு, ஆட்கள் விடும் மூச்சிலிருந்து தேங்கும் கரியமிலவாயுவை அளக்கும் மீட்டரை வார்டு நடுவில் வைத்தபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 2,000ஐத் தாண்டியது. வெளியே இருப்பது ஏறக்குறைய 420. படுத்திருப்பவர்களையும் கீழே பாய் விரித்திருக்கும் துணையாட்களையும் எண்ணி வகுத்துப் பார்த்தால், நோயாளி ஒருவருக்கு ஐந்து லிட்டர் அளவில்தான் வந்துகொண்டிருந்தது. மணிக்கு ஆறு முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெளியேற 46 நிமிடம் போதும். மணிக்கு அரை முறைகூட மாறாத அறையில், காற்று மாற்றத்தை மட்டும் கணக்கில் கொண்டால், அதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்னிரவில் ஒருவர் இருமியதை மற்றவர்கள் விடியும் வரை சுவாசித்துக் கிடப்பார்கள்.

பலகைகளைக் கழற்றிய பின் ஊதுபத்தியைக் கொளுத்தி வடக்கு ஜன்னலோரம் பிடித்தேன். அதுவரை நேரே மேலே ஏறி விசிறிக்கடியில் கலைந்துகொண்டிருந்த புகை, படுக்கையாகச் சாய்ந்து, கட்டில்களுக்கு மேலாக நகர்ந்து தெற்கு ஜன்னலின் வலையில் போய் ஒட்டியது. மீட்டரும் இறங்கியது. காற்றசையாத இரவுகளில் 700 வரை போனது என்பதையும், அது 60 லிட்டருக்குப் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலை காற்றைக் குறைக்கிறது. அதற்காக வலையை எடுத்துவிட்டால் டெங்குவுக்கு வழிவிட்டதாகும். இருந்தாலும் ஐந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

மார்கழியில் ஒரு நாள், பின்னிரவில் மோட்டார் பழுதுக்காக வந்தவன் வார்டுக்குள் நுழைந்தபோது, வடக்கு வரிசையில் ஒரு ஜன்னலின் மேல் புடவையை நான்காக மடித்துக் கம்பிகளில் இறுகக் கட்டியிருந்தார்கள். கட்டிலில் இருந்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர். பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர். தலையைச் சுற்றித் துண்டு கட்டி, முழங்காலை மார்போடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். இரவுப் பணி சிஸ்டர், "என்ன சார், அவுத்துடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் ஆமென்றேன். அவருடைய மகள் எழுந்து நின்றார். சண்டை போடும் குரல் இல்லை அது.

"எங்க அப்பாவுக்கு டிபி இல்லன்னு சளி டெஸ்ட்லயே சொல்லிட்டாங்க சார். அப்புறம் யாருக்காக அவரு குளுருல கெடக்கணும்?"

"அவருக்காகத்தாம்மா. பக்கத்துல இருமுறவங்களுக்கு இன்னும் ரிசல்ட் வரலை."

"அவருக்காகன்னா, அவர்கிட்ட கேட்டீங்களா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடிய ஜன்னலின் தீமையை, ஒன்பது மணி நேரக் கணக்கு உட்பட, அந்த அம்மாவிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே திரும்பிப் புடவை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். விளக்கம் புரிந்து அவிழ்த்தாரா, பேசிப் பயனில்லை என்று அவிழ்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. இரண்டாவது போர்வை கொடுக்கச் சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனேன்.

என் பதிலில் தவறில்லை. நோயில்லை என்று தெரிந்தவருக்குத்தான் காற்று அதிகம் தேவை. நோய் உள்ளவருக்கு மாத்திரை இருக்கிறது. கெட்டுப்போன நுரையீரலோடு எழுபது வயதைத் தாண்டியவர் புதிதாக ஒரு தொற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் குளிர்ந்த காற்று அதே நுரையீரலின் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதும் மருத்துவம்தான். காலையில் நெஞ்சுநோய் மருத்துவரிடம் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டே, இரண்டும் சரி, கட்டிலை உள்வரிசைக்கு மாற்றுங்கள் என்றார். அந்த யோசனை அந்த இரவில் எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் உள்வரிசையில் அன்று இடமில்லை. பெரியவர் அந்த வாரமே நலமாக வீடு திரும்பினார். அதனால் எதுவும் தீரவில்லை. போர்வையால் பிழைத்தாரா, மருந்தால் பிழைத்தாரா, காற்று அவருக்கு எதையாவது தடுத்ததா, எதையும் சொல்ல முடியாது.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் வெல்ஸ், ரைலி ஆகிய ஆய்வாளர்கள் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய், கினிப்பன்றிகள் இருந்த கூண்டறைக்குள் விட்டார்கள். வார்டுக் காற்றை அப்படியே சுவாசித்தவற்றில் சில நோய்வாய்ப்பட்டன. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு நோய் வரவில்லை. இந்த நோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு அசைக்க முடியாத சான்றாக இன்றும் அது நிற்கிறது. அங்கே காப்பாற்றப்பட்டவை எவை என்று கூண்டைப் பார்த்து எண்ண முடிந்தது. எங்கள் வார்டில் காப்பாற்றப்பட்டவர் என்று ஒருவரையும் என்னால் காட்ட முடியாது. நோய்க்கிருமி உள்ளே போய் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளிப்படலாம், வெளிப்படாமலே போகலாம். குளிரில் நடுங்கியவர் மட்டும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். என் தரப்பு நியாயத்தை இங்கே எழுதிப் பார்க்கும்போதெல்லாம், அது முகமில்லாதவர்களின் சார்பில் முகமுள்ள ஒருவரிடம் பேசியதாகவே வந்து நிற்கிறது. அதற்காக முகமில்லாதவர்களைக் கைவிட முடியுமா? அந்த மாணவிக்கும் நோய் தெரியும் வரை முகமில்லைதானே.

கேட்டிருக்கலாம் என்பது மட்டும் உறுத்துகிறது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்: மூடுங்கள் என்றுதான். வார்டு முழுக்கக் கேட்டிருந்தாலும், மார்கழிப் பின்னிரவில் அதே பதில்தான் வந்திருக்கும். அப்படியானால் கேட்பது வெறும் சடங்காகிவிடும். அல்லது, சடங்காகவேனும் கேட்டிருக்க வேண்டும். இதில் நான் ஒரு பக்கம் நிற்கும்போதெல்லாம் மறுபக்கம் பலமாகத் தெரிகிறது.

கட்டிடத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்தச் சங்கடம் தேவையற்றது. பழைய பிளாக்கில் ஜன்னலின் மேல்விட்டமான லின்டலுக்கு மேலே, உத்தரத்தையொட்டி, வென்டிலேட்டர் எனப்படும் சிறு காற்றுத் திறப்புகள் உண்டு. காற்று ஆட்களின் தலைக்கு மேலேயே புகுந்து போய்விடும். புதிய பிளாக்கைக் கட்டியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். எந்த வரைபடத்திலும் ஆள் படுக்கும் உயரத்தில்தான் ஜன்னல். சுவரை உடைத்து மேலே திறப்பு வைக்க மதிப்பீடு கொடுத்திருக்கிறேன். கூரையையொட்டிப் புற ஊதா விளக்கு பொருத்தலாம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். அது நல்ல முறைதான், ஆனால் காற்றில் ஈரப்பதம் ஏற ஏற அதன் வீரியம் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சுவரே வியர்க்கும். ஜன்னலை மூட வேண்டியிருக்கும் அதே மாதங்களில்தான் விளக்கும் தளரும் என்று நான் சொன்னதை அவர்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை.

மதிப்பீடு நிலுவையில் இருக்கிறது. பலகைகள் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கின்றன. திரும்ப மாட்டச் சொல்லவில்லை. குளிர் தாங்காதவரை உள்வரிசைக்கு மாற்ற இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று இரவுப் பணி சிஸ்டர்களுக்கு எழுத்தில் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அன்றைய அதே சிஸ்டர், "உள்ள கட்டில் இல்லாத அன்னிக்கு, சார்?" என்று கேட்டார். அந்த வரியை இன்னும் சுற்றறிக்கையில் சேர்க்கவில்லை.