மறுபடியும் பாரடைஸ் சிட்டி

மே 3, சனி

பாரடைஸ் சிட்டி என்ற கற்பனை ஊரில் நடக்கும் கார் பந்தய கேமின் புதுப்பித்த பதிப்பு ‘பர்ன்அவுட் பாரடைஸ் ரீமாஸ்டர்ட்’, என் நின்டென்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்குத் தள்ளுபடியில் கிடைத்தது. யோசிக்காமல் வாங்கிவிட்டேன். கிரைட்டீரியன் நிறுவனம் மூல கேமை முதலில் 2008இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் வெளியிட்டது. அடுத்த ஆண்டு கணினிக்கு வந்தபோதுதான் நான் விளையாடினேன். இந்த ரீமாஸ்டர் ஸ்விட்ச்சுக்கு வந்தது 2020 ஜூனில். கையில் பிடித்து ஆடும்போதும் நொடிக்கு 60 பிரேம், படம் தடங்காமல் ஓடுகிறது. இந்த வேகத்துக்கு அது இல்லையென்றால் வாங்கியே பயனில்லை.

கேம் தொடங்கியதும் பழைய இரும்புக்கடையிலிருந்து கிடைக்கும் முதல் கார், அதே ஹன்டர் கேவல்ரி. முதல் சிக்னலில் நிறுத்தி ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். டயர் புகைந்தது, போட்டி தொடங்கிவிட்டது. மெனுவைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஊரில் சிக்னல் இருக்கும் இடமெல்லாம் ஒரு போட்டி காத்திருக்கிறது.

மே 5, திங்கள்

ஸ்விட்ச்சில் ஆக்சிலரேட்டராக இருக்கும் இசட்ஆர் பொத்தானில் பாதி அழுத்தம் என்பதே கிடையாது. அழுத்தினால் முழு வேகம், விட்டால் ஒன்றுமில்லை. நிஜ ஓட்டுதலைப் பின்பற்றும் கேமில் இது பெரிய தலைவலி. இங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறவன் யார்? குறையாகவே தெரியவில்லை.

உண்மையான தொல்லை திரைதான். ஐ-88 நெடுஞ்சாலையில் அந்திநேர வெளிச்சம். எதிரே வரும் வண்டி ஒரு புள்ளியாகத் தெரிந்து, அது வண்டிதான் என்று புரிவதற்குள் நம் கார் நசுங்கிவிடுகிறது. பானட் மடங்கி, கண்ணாடி தெறித்து, எல்லாம் நிதானமாக ஸ்லோமோஷனில். 2008இல் செய்த நொறுங்கல், இன்றைக்கும் பார்க்கப் பிடிக்கிறது. அப்புறம், ஸ்பீக்கரை நம்பாதீர்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் உறுமலில் பாதி அதில்தான் கேட்கிறது.

மே 9, வெள்ளி

அக்கா பையன் வந்திருந்தான். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், “மாமா, வண்டிக்குள்ள ஆளே இல்லையே?” என்றான். ஆமாம், இந்த ஊரில் எந்த காரிலும் ஓட்டுநர் கிடையாது, நடைபாதையிலும் ஒரு ஆள் இல்லை. இவ்வளவு கோரமான விபத்துகளைக் காட்டிவிட்டு உறுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் வேறு வழி ஏது?

கையில் கொடுத்தேன். அடுத்த கேள்வி: “எந்தப் பக்கம் போகணும்னு கோடு வராதா மாமா?” அவன் ஆடிப் பழகிய கேம்களில் சாலைமேலேயே வழி வரைந்து காட்டிவிடும். இங்கே திருப்பம் நெருங்கும்போது காரின் இண்டிகேட்டர் மினுக்கும், திரையின் மேலே தெருப்பெயர் மின்னும், அவ்வளவுதான். அதைக் கவனித்தால் எதிரே வரும் பேருந்து தெரியாது, பேருந்தைக் கவனித்தால் திருப்பம் போய்விடும். இரண்டு தடவை மலைப்பக்கம் தொலைந்துபோய், “போங்க மாமா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மே 13, செவ்வாய்

பையன் கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பந்தயங்கள் முடியும் இடங்கள் எட்டே எட்டு. அதனால் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் காற்றாலைக்கோ கடற்படைத் தளத்துக்கோ போகும் வழிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கொஞ்ச நாளில் மேப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுவோம். ஆற்றுப் பாலம் வந்தால் இடது, ரயில் பாதை தெரிந்தால் உள்ளே இறங்கு என்று ஊரே மனப்பாடம். கோடு போட்டுக் காட்டியிருந்தால் கோட்டைத்தான் பார்த்திருப்போம்.

தோற்றால் ஊரின் கடைக்கோடியில் நிற்பதுதான் அப்போது பலருக்கும் எரிச்சல். முதலில் வந்த பதிப்பில் போட்டியை மறுபடி தொடங்கும் வசதிகூடக் கிடையாது, பிறகு அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். இப்போது இருக்கிறது, நான் தொடுவதில்லை. இன்று ஒயிட் மவுன்டன் என்ற மலைப்பகுதியில் தோற்றுவிட்டுச் சும்மா கீழே இறங்கினேன். மஞ்சள் வேலி ஒன்றை உடைத்தால் உள்ளே குறுக்குவழி, அதன் முடிவில் சரிவு, எதிரே பாய்ந்து உடைக்க வேண்டிய சிவப்பு விளம்பரப் பலகை. வேகம் போதவில்லை, பலகைக்கு அடியில் போய் விழுந்தேன். திரும்பி ஏறுவதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஸ்லீப்பில் போட்டுவிட்டு எழுந்தேன். சாப்பிட்டு வந்து எடுத்தால் அதே சரிவில் அதே கார். பெரிய டிவி முன்னால் உட்கார்ந்தால் இப்படி வெட்டியாகச் சுற்ற மனசு வராது, எதையாவது முடித்தாக வேண்டும்போல் இருக்கும்.

மே 18, ஞாயிறு

ரீமாஸ்டர் செய்தவர்கள்மேல் ஒரு கோபம். அந்தக் காலத்தில் தனியாக விற்ற கார்களையெல்லாம் தொடக்கத்திலேயே திறந்து கொடுத்துவிட்டார்கள். ஊருக்குள் சுற்றும் காரைத் துரத்தி, இடித்துக் கவிழ்த்து, இரும்புக்கடையில் நசுங்கிய கோலத்தில் எடுத்து, பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சரிசெய்வதில்தானே ருசி? இலவசமாக வந்தவற்றை நான் எடுப்பதில்லை.

ஆனால் பிக் சர்ஃப் ஐலண்டுக்காக மன்னித்துவிடலாம். 2009இல் வந்த அந்தத் தீவு அப்போது கணினிப் பதிப்புக்கு வரவே இல்லை. ஆகவே பாலத்தைத் தாண்டியதும் எனக்கு எல்லாமே புதுசு. எந்தத் தெருவும் தெரியவில்லை. முதல் பந்தயத்தில் கடைசி இடம்.